காற்றூரின் கடைசி அத்தியாயம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. உன் விலாசத்தை நான் தேடிக் கண்டுபிடிக்கவும் இல்லை. பதிப்பகம் நடத்தும் பெண் ஒருத்தி தந்தாள். பழைய படங்களைச் சுத்தம் செய்து வைக்கும் காப்பகத்தில் அவள் வாங்கியது. நீங்கள் எடுத்த அந்த 'மாயக் கயிறு' படத்தை அங்கே தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்களாம். படம் திரும்ப வெளியே வரும்போது மூலக்கதையும் புத்தகமாக வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மூலக்கதை என்று ஒன்று இருந்தது உங்கள் ஆட்களில் யாருக்காவது ஞாபகம் இருந்ததே பெரிய விஷயம்.

'காற்றூர்' வாரப் பத்திரிகையில் நாற்பத்தொரு வாரம் வந்தது. பத்திரிகை மூடி முப்பது வருஷம். பழைய இதழ்கள் எடைக்குப் போய்விட்டன. அந்தப் பெண் நூலகம் நூலகமாக அலைந்துவிட்டு வெறும் கையோடு வந்தாள். உலகத்தில் இருப்பது ஒரே பிரதி. வாராவாரம் நானே வெட்டி, நீல நூலால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தது. "ரெண்டே நாள்ல தந்துடறேன் அக்கா" என்று வாங்கிப் போனாய். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அச்சுக்குப் போகிறது. பதிவுத் தபாலில் அனுப்பு.

படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலிக்காரி முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, "கடைசியில அக்கா கயிற்றைப் பிடிச்சு மேலே ஏறி, தம்பியைக் கூட்டிட்டு வந்துடறாளே, நல்லா முடிச்சிருக்கீங்க" என்றாள். நான் அப்படி முடிக்கவில்லை. அன்றிலிருந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன். உன்னோடு பேசுவதையும்.

அக்கா

பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உறையில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிரிக்காமல் அரை நாள் மேஜையில் வைத்திருந்தேன். என் மனைவி, "கடிதம்தானே, கடிக்காது" என்றாள். பிரித்ததும், "கடிக்கும்போல இருக்கே" என்றாள்.

புத்தகம் இருக்கிறது, ஆனால் புத்தகமாக இல்லை. எங்கள் இயக்குநர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தக் கதையைப் படமாக எடுத்தாலும் புத்தகத்தைக் கையாலேயே தாள் தாளாகக் கிழித்து, ஒரு பெரிய நோட்டில் இடப்பக்கம் ஒட்டிவிடுவார். வலப்பக்கம் அந்தத் தாளை எப்படிப் படமாக்குவது என்று நாங்கள் எழுதவேண்டும். "கிழிக்கப் பயப்படறவன் புத்தகத்தைக் கும்பிடத்தான் லாயக்கு, படம் எடுக்க மாட்டான்" என்பார். அவர் கிழிக்க ஆரம்பித்தபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். கம்பெனி மூடியபோது நோட்டை எனக்குக் கொடுத்தார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நாற்பது அத்தியாயம் இருக்கிறது. நாற்பத்தொன்று இல்லை. அது எப்படிப் போனது என்று சொல்வது கஷ்டம். எத்தனையோ கை மாறிய நோட்டு.

வலப்பக்கத்தில் இருப்பதெல்லாம் என் கையெழுத்து. அப்போது நான் தந்திரக் காட்சிப் பிரிவில் உதவி கேமராமேன். உங்கள் ஒவ்வொரு வரியும் எங்களைப் படுத்தியது. இருபத்திரண்டாம் அத்தியாயத்தில், "கனமில்லாத பிள்ளையின் கண்ணீர் கீழே விழாது, மேலே போகும்" என்று எழுதிவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். நாங்கள் ஆறு நாள் தூங்கவில்லை. கடைசியில் அறையையே தலைகீழாகக் கட்டினோம். தரை மேலே, கூரை கீழே. நாற்காலிகளை மேலே ஆணி அடித்தோம். தொங்க வேண்டிய விளக்கைக் கம்பி வைத்து நிமிர்த்தினோம். பையனைக் கூரையில் நிற்க வைத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தோம். அவன் அழுதான். திரையில் அந்தக் கண்ணீர் கன்னத்தில் மேல்நோக்கி ஓடியது. அவன் இடுப்பில் கட்டிய கயிறு விறைப்பாக நிற்க, மேலே பலகையில் ஒருவன் குப்புறப் படுத்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அது நான்தான். தோள்பட்டை இன்றைக்கும் மழை வந்தால் சொல்லும்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

தம்பி

பிப்ரவரி 26

தம்பிக்கு,

எப்போதிலிருந்து எனக்கு 'நீங்கள்' போட ஆரம்பித்தாய்? உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான். மரியாதை கொடுத்தால் கோபம் குறையும் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

உடம்பு நன்றாக இருக்கிறது. கண் ஒன்றில் புரை. மற்றது வேலை செய்கிறது.

நோட்டு வந்தது. இரண்டு நாள் இடப்பக்கம் மட்டும் படித்தேன். பிறகு வலப்பக்கமும் படித்தேன், வேறு வழியில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. "இந்த ஒரு வரிக்கு ஆறு நாள்." "அக்கா இதை எங்கே பார்த்தாள்?" "மேகத்துக்குப் பஞ்சு வேண்டாம், தொட்டித் தண்ணீரில் பால் ஊற்றிப் பார்க்கலாம்." இப்படியெல்லாம் எழுதியிருக்கிறாய். கதை எழுதுகிறவளுக்கு ஒரு பேனா போதும், உங்களுக்குத் தச்சன் முதல் பால்காரன் வரை வேண்டியிருந்தது என்று நினைத்து ஒரு தடவை சிரித்தேன். அதற்காகச் சமாதானம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. வலப்பக்கத்தில் வருகிறானே, அந்தத் தாடிக்கார மந்திரவாதி என் கதையில் எந்த மூலையில் இருந்தான்? ஒருத்தன் உயரமான இடத்தில் நின்று சிரிக்காவிட்டால் உங்களுக்கு மாயக்கதை எடுக்க வராதா?

என் கதையில் மந்திரம் கிடையாது. தங்களுக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லாதவர்களுக்கு உடம்பில் கனம் குறைந்துவிடும், அவ்வளவுதான் காற்றூரின் சட்டம். கனம் குறைந்தவர்களைக் கயிற்றில் கட்டி வைக்காவிட்டால் வானத்துக்குப் போய்விடுவார்கள். வேலை தேடிப் போகும் அக்கா, தம்பியின் கயிற்றைத் தன் கையோடு கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறாள். இது எழுத எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு போதுமாக இருந்தது. மிச்சத்தை எக்ஸ்சேஞ்சில் கற்றுக்கொண்டேன். "லைன்ல இருங்க, இணைப்பு தரேன்" என்று நாள் முழுக்கச் சொல்கிறவளுக்கு மனிதர்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கூப்பிட்டவர்கள் பேசாமல் மூச்சு விடுவதைக்கூடக் கேட்டிருக்கிறேன்.

இப்போது விஷயம். பதிப்பகத்துப் பெண் சொல்கிறாள், கடைசி அத்தியாயம் கிடைக்காவிட்டால் படத்தில் உள்ள முடிவைச் சுருக்கமாகச் சேர்த்துவிடலாமாம். அதைவிட என்னைக் கிழித்து நோட்டில் ஒட்டலாம். திரும்ப எழுதிப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று தெரியும், வார்த்தை வரவில்லை. நாலு தடவை எழுதினேன். நாலும் எழுபத்தொரு வயதுக்காரி எழுதியதாக இருந்தது. அதை எழுதியவளுக்கு அப்போது முப்பத்திரண்டு.

இன்னொன்று. நோட்டில் எல்லாத் தாளுக்கும் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது, கையால் கிழித்தது. நாற்பதாம் அத்தியாயத்தின் கடைசித் தாள் மட்டும் நேர்க்கோடாகக் கிழிந்திருக்கிறது. அதற்கு அடுத்த தாளை எடுத்தவன் பிளேடு வைத்து, பதறாமல், இதில் கோடு விழும் அளவுக்கு அழுத்தி எடுத்திருக்கிறான். உங்கள் கூட்டத்தில் பிளேடும் கையுமாக இருந்தது யார்?

அக்கா

மார்ச் 8

அக்கா,

நான்தான்.

பிலிம் வெட்டும் பிளேடு. இயக்குநரிடம் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முந்தின நாள், எடிட்டிங் அறையில் ஒருவரும் இல்லாத நேரத்தில் எடுத்தேன். "முடிவு எங்கய்யா?" என்று கேட்டார். "அதுக்குள்ள பத்திரிகை கதையை நிறுத்திட்டாங்க சார்" என்றேன். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் தேநீர் குடிக்கும்போது என்னைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறே? அந்த அக்கா கடைசியில என்ன செய்வா?" என்று கேட்டார். நான் டம்ளரைக் கீழே வைக்காமலே, "வருவா சார்" என்றேன். படத்தின் முடிவு அந்த இரண்டு வார்த்தைதான். மற்றதெல்லாம் கயிறும் விளக்கும்.

நீ எனக்கு அந்தக் கதையை முதலில் சொன்னது எப்போது என்று நினைவிருக்கிறதா? அம்மா போன வருஷம். துவைக்கிற கல்மேல் என்னை உட்கார வைத்துவிட்டு நீ துணி அலசுவாய். ஈரச் சட்டையை உதறும்போது, "இப்ப பார், பிள்ளை பறக்குது" என்பாய். எனக்கு எட்டு வயது, உனக்குப் பதினேழு. அப்போது நீ சொன்ன கதையில் அக்கா திரும்பி வருவாள். தினமும் வருவாள். நான் தூங்காவிட்டால் இரண்டு தடவை வருவாள்.

அடுத்த வருஷம் என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு எக்ஸ்சேஞ்ச் வேலைக்குப் போனாய். "பரிட்சை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாய். எத்தனை பரிட்சை முடிந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

பிறகு இருபத்து மூன்று வயதில், ஸ்டுடியோ வாசல் தேநீர்க் கடையில், வாராவாரம் உன் தொடரை நின்றுகொண்டே படித்தேன். என்னோடு இருந்தவர்களிடம் "எங்க அக்கா" என்று சொல்லிச் சொல்லி அவர்களை அறுத்தேன். நாற்பத்தோராம் வாரம் படித்துவிட்டுப் பத்திரிகையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் அக்கா கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுகிறாள்.

படம் வந்ததும் நீ பத்திரிகைக்கு எழுதினாயே, 'என் கதையைத் திருடி முடிவைத் திரித்தவர்கள்' என்று. இயக்குநர் அதை என்னிடம் காட்டி, "உங்க அக்கா வேற முடிவு எழுதியிருந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எழுதறவங்களுக்குக் கோபம் வரும், விடு" என்றார். எட்டு வருஷம் முன்னால் இறந்துபோனார். அதுவரை அவரிடம் சொல்லவில்லை.

அத்தியாயம் என்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஒன்று கேட்கிறேன். அது இல்லாமலே புத்தகம் வரட்டுமே. நாற்பதோடு நிற்கட்டும். அல்லது படத்தில் உள்ளது போலவே முடியட்டும். இனி அதைப் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

முடியாது.

இயக்குநரைப் பற்றி முதலில். அவரைத் திருடர் என்று எழுதியது என் தப்பு. அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுது, அவர்களுக்குக் கடிதம் போடுகிறேன். முன்னுரையிலும் எழுதுகிறேன். உன்னைப் பற்றியும் எழுதுவேன், பயந்துகொண்டிரு.

இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன். எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் பெண்களுக்கான விடுதி. ஒரு அறையில் ஆறு கட்டில். ஆண் பிள்ளை என்றால் கைக்குழந்தையாக இருந்தாலும் வாசலைத் தாண்டக் கூடாது. இதைத்தான் எல்லோரிடமும் காரணமாகச் சொன்னேன். நீயும் நம்பியிருப்பாய். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை.

பதினான்கு மாதம் கழித்து ஒரு நாள் உன்னைக் கூட்டிவர வந்தேன். கூட வேலை பார்த்தவள் வீட்டு மாடியில் ஒரு அறை பேசி வைத்திருந்தேன். காலை பஸ்ஸில் வந்து, சித்தி வீட்டுத் தெரு முனையில் இறங்கினேன். நீ வாசலில் சித்தி பிள்ளைகளோடு நின்றிருந்தாய். வளர்ந்திருந்தாய். சிரித்துக்கொண்டிருந்தாய், வாய் கொள்ளாத சிரிப்பு. இவன் இங்கே நன்றாகத்தானே இருக்கிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ கனம் இறங்கிவிட்டது. இனி காலையில் எழுந்து இரண்டு பேருக்கு யோசிக்க வேண்டாம். அதே பஸ் பக்கத்திலேயே வளைந்து திரும்பி வந்தபோது கை காட்டி ஏறிவிட்டேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. தம்பியை விட்டுவிட்டுப் போன துக்கம் என்றால் கதையில் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். விட்டுவிட்டு வந்தபோது நிம்மதியாக இருந்தது என்பதை எழுத எனக்குப் பதின்மூன்று வருஷமும் நாற்பது அத்தியாயமும் தேவைப்பட்டது. காற்றூர், பறக்கும் மனிதர்கள், கயிறு எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்காக நான் கட்டிய கட்டடம். உன் தலைகீழ் அறை மாதிரி. நீ பிளேடால் எடுத்தது அந்தப் பக்கத்தை.

தாளை அனுப்பு.

அக்கா

மார்ச் 22

அக்கா,

தாள்கள் உள்ளே இருக்கின்றன. நான்கு. மடிப்பில் கிழிந்திருக்கும், ஒட்டுவதற்கு டேப் போடாதே, எழுத்து உரிந்து வந்துவிடும்.

உன் கடிதத்தை மனைவியிடம் படிக்கக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பஸ் நின்றது. பச்சைப் புடவையில் நீ இறங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன். "எங்க அக்கா வந்துட்டா" என்று சித்தி பிள்ளைகளிடம் சொன்னேன். நீ பார்த்த சிரிப்பு அதுதான். உன்னிடம் ஓடி வராமல் உள்ளே ஓடினேன், துணிப் பையை எடுக்க. பை எப்போதும் கட்டியே இருக்கும். செருப்பு ஒன்று கிடைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தெருவில் பஸ் போன புழுதி மட்டும் இருந்தது.

சித்தி, "வெயில்ல ஏதோ தெரிஞ்சிருக்கும்டா" என்றாள். அவள் பெரிய பையன் ஒரு மாதம் என்னை "டேய், அக்கா வந்துட்டா" என்று கேலி செய்தான். நாளாக நாளாக நானும் அதை நம்பிவிட்டேன். உன் கடிதம் வரும்வரை, வந்தது நீதானா இல்லையா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

"வருவா சார்" என்று நான் சொன்னது ஏன் என்று இப்போதுதான் எனக்கும் தெரிகிறது.

அச்சில் போடு. நான் எதுவும் கேட்கவில்லை.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

பதினைந்து நாள் உனக்கு எழுதப் பேனாவை எடுக்கவில்லை. பதிப்பகத்துப் பெண் நேரில் வந்து கதவைத் தட்டி, "உயிரோட இருக்கீங்களா பாட்டி?" என்றாள். பாட்டி என்று கூப்பிட்டதற்காக அவளுக்குத் திட்டு விழுந்தது. தாள்களை வாங்கிப்போனாள்.

நாற்பத்தோராம் அத்தியாயம் அச்சாகிவிட்டது. எழுதியபடியே. ஒரு காற்புள்ளிகூட மாற்றவில்லை. நீ பார்த்ததைத் தெரிந்துகொண்ட பிறகும் மாற்றவில்லை. கயிற்றை அவிழ்த்தவளுக்கு மேலே நடந்தது தெரியாது. தெரியாமல்தான் அவிழ்த்தாள். எழுபத்தொரு வயதில் எனக்குத் தெரிந்ததை அவள் தலையில் ஏற்றினால் அது ஏமாற்று வேலை.

படத்தைப் பார்த்தேன். ஆமாம், பார்க்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். பதிப்பக அலுவலகத்தில், கணினியில், பக்கத்தில் ஒருவன் புத்தகக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்க, உட்கார்ந்து பார்த்தேன். மந்திரவாதி தாங்க முடியவில்லை. நடுவில் வரும் இரண்டு பாட்டும் வேண்டாதவை. கூரைகளுக்கு மேலே ஊர் ஜனம் முழுக்கக் கயிற்றில் ஆடுகிற காட்சி, நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. இதை ஒரு தடவைதான் சொல்வேன். அந்தப் பையன் அழுதபோது படத்தை நிறுத்தச் சொன்னேன். கண்ணீரைப் பார்க்க இல்லை. கயிறு மேலிருந்து கீழே விறைப்பாக நிற்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டு அடுக்கியவன், "நின்னுடுச்சா மேடம்?" என்று கேட்டான். "ஒரு ஆள் பிடிச்சிட்டிருக்கான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

முடிவில் அவள் ஏறி வருகிறாள். அது பொய். ஆனால் அது திருட்டு இல்லை. முன்னுரையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'திரைப்படத்தின் முடிவு என் தம்பியுடையது. அவன் கேட்ட கதை அப்படித்தான் முடிந்தது.' புத்தகத்தின் முடிவு என்னுடையது. இரண்டும் இருக்கட்டும். ஒன்றுக்காக இன்னொன்றை வெட்ட வேண்டாம்.

நான் வரவில்லை என்பதை மறைத்துவிட்டு உன் எதிரில் வந்து நிற்க என்னால் முடியாது. அதனால்தான் அச்சாகும்வரை காத்திருந்தேன்.

புதன்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். முதல் பிரதி கையில் இருக்கும். உங்கள் தெரு முனையில் நிற்கும் என்றார்கள். மாடிப்படி ஏறுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும், முட்டி சொன்னதைக் கேட்பதில்லை. நீ வாசலிலேயே நில். என்னைப் பார்த்ததும் எதையும் எடுக்க உள்ளே போகாதே.

அக்கா